இரட்டையர் சொல்லும் தடுப்பூசிப் பாடம்

“ஊசி போட்டும் என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. எதிர் வீட்டுப் பையனுக்குப் போடவே இல்லை. அவன் நன்றாகத்தான் இருக்கிறான். பிறகு எதற்கு ஊசி?” பெற்றோர் கூட்டத்தில் இந்தக் கேள்வியைச் சந்திக்காத ஆசிரியர் குறைவு. கேட்பவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால், இரண்டு பிள்ளைகளை ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வரலாமா? எதை எதனுடன் ஒப்பிட்டால் அது நேர்மையான ஒப்பீடு? அறிவியலின் அடிப்படையான இந்தக் கேள்வியை மாணவர்களுக்கு விளக்க, ஃப்ளூ தடுப்பூசிகளைப் பற்றிய ஆய்வுகளும், குறிப்பாக இரட்டையரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

ஒரு நோய், இரண்டு வகைத் தடுப்பூசிகள்

ஃப்ளூ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் இன்ஃப்ளூயன்சா, சாதாரணச் சளியிலிருந்து வேறுபட்டது. அதன் வைரஸ் தன் மேற்பரப்புப் புரதங்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் தடுப்பூசியையும் அடிக்கடி புதுப்பிக்க வேண்டியுள்ளது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியில் வட அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தென் அரைக்கோளத்துக்கும், எந்த வைரஸ் வகைகளைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது.

நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருப்பது செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸைக் கொண்ட ஊசி. கருவுற்ற கோழி முட்டைக்குள் வைரஸை வளர்த்து, வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்து, தூய்மைப்படுத்தி, கையின் தசையில் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் 1945 முதல் பொதுமக்களுக்கு இது அனுமதிக்கப்பட்டது. இதிலுள்ள வைரஸ் உடலில் பெருகாது. வைரஸின் அடையாளத்தை மட்டும் உடலுக்குக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று மூக்கில் தெளிக்கும் ஸ்ப்ரே. இதில் உயிருள்ள, ஆனால் வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஹூனைன் மசாப் 1960-களில் வைரஸைப் படிப்படியாகக் குறைந்த வெப்பநிலையில் வளர்த்து, 25 டிகிரி செல்சியஸில் நன்றாகப் பெருகும் வகை ஒன்றை உருவாக்கினார். குளிருக்குப் பழகிய இந்த வைரஸ், சற்றுக் குளிர்ச்சியான மூக்குப் பகுதியில் வளரும். வெப்பம் மிகுந்த நுரையீரலில் வளர முடியாது. அதனால், நோயை உண்டாக்காமலேயே உடலுக்குப் பயிற்சி கொடுக்கிறது. அமெரிக்காவில் இவ்வகை ஸ்ப்ரே 2003-இல் அனுமதி பெற்றது. எச்1என்1 பெருந்தொற்றின்போது, புனேயின் சீரம் இன்ஸ்டிட்யூட் 2010-இல் ‘நாசோவாக்’ என்ற பெயரில் இந்தியாவிலும் ஒரு மூக்குவழித் தடுப்பு மருந்தைக் கொண்டுவந்தது.

ஊசியா, ஸ்ப்ரேயா? எது மேலானது?

இரண்டு ஆய்வுகள், இரண்டு விடைகள்

2004-05 ஃப்ளூ பருவத்தில், 16 நாடுகளில், 6 முதல் 59 மாத வயதுள்ள ஏறத்தாழ 8,000 குழந்தைகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. யாருக்கு எந்த மருந்து என்பதைப் பெற்றோரோ மருத்துவரோ முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஊசியும் போடப்பட்டது, ஸ்ப்ரேயும் தெளிக்கப்பட்டது. இரண்டில் ஒன்று மட்டுமே உண்மையான தடுப்பு மருந்து. மற்றொன்று மருந்தில்லாத போலி. எந்தக் குழந்தைக்கு எது உண்மையான மருந்து என்பது யாருக்கும் தெரியாதபடி மறைப்பதற்காகவே இந்த ஏற்பாடு. பருவ முடிவில், ஊசிக் குழுவில் 8.6 விழுக்காட்டினருக்கு ஃப்ளூ வந்திருந்தது. ஸ்ப்ரே குழுவில் 3.9 விழுக்காட்டினருக்கு. ஏறத்தாழ 55 விழுக்காடு குறைவு. அதே நேரத்தில், மிகச் சிறிய குழந்தைகளிடம் ஸ்ப்ரேக்குப் பின் மூச்சிரைப்பு கூடுதலாகக் காணப்பட்டது. அமெரிக்காவில் இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஸ்ப்ரே கொடுக்கப்படுவதில்லை.

இதைப் படித்தவுடன் ‘ஸ்ப்ரேதான் சிறந்தது’ என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 2007-08 பருவத்தில் மிச்சிகனில் 18 முதல் 49 வயது வரையிலான ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஆய்வு வேறு விடை சொன்னது. போலி மருந்து பெற்றவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும், ஸ்ப்ரே பெற்றவர்களில் 6.9 விழுக்காட்டினருக்கும், ஊசி பெற்றவர்களில் 3.4 விழுக்காட்டினருக்கும் ஃப்ளூ உறுதியானது. அதாவது ஊசியின் தடுப்புத் திறன் 68 விழுக்காடு. ஸ்ப்ரேயின் திறன் 36 விழுக்காடு.

தொடக்கத்தில் கண்ட பெற்றோரின் கேள்விக்கான விடை இந்த எண்களிலேயே இருக்கிறது. போலி மருந்து பெற்ற 100 பேரில் ஏறத்தாழ 89 பேருக்கு அந்தப் பருவத்தில் ஃப்ளூ வரவே இல்லை. எதிர் வீட்டுப் பையன் அந்த 89 பேரில் ஒருவனைப் போன்றவன். ஊசி போட்ட 100 பேரிலும் மூன்று, நான்கு பேருக்கு ஃப்ளூ வந்தது. ஒரு பிள்ளையையும் இன்னொரு பிள்ளையையும் அருகருகே நிறுத்தினால் இந்த 3-க்கும் 11-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கானோரை எண்ணும்போதுதான் தெரியும். மேலும், ‘68 விழுக்காடு’ என்பது ஊசி போட்ட 100 பேரில் 68 பேர் மட்டுமே தப்பினார்கள் என்று பொருள்படாது. ஊசி இல்லையென்றால் ஃப்ளூ வந்திருக்கக்கூடிய ஒவ்வொரு 100 பேரிலும் 68 பேருக்கு வராமல் தடுத்தது என்றே பொருள்.

சரி, குழந்தைகளிடம் வென்ற ஸ்ப்ரே, பெரியவர்களிடம் ஏன் பின்தங்கியது?

மரபணுவா, வாழ்க்கை வரலாறா?

பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. ஸ்ப்ரேயில் உள்ள வைரஸ் மூக்கில் சிறிதளவாவது வளர்ந்தால்தான் உடல் பாடம் கற்கும். பெரியவர்களோ பல ஆண்டுகளாகப் பல ஃப்ளூ வைரஸ்களைச் சந்தித்தவர்கள். அவர்கள் உடலில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பாற்றல், ஸ்ப்ரே வைரஸை வளரவிடாமல் வாசலிலேயே மடக்கிவிடலாம். இளங்குழந்தைகளுக்கு அந்தத் தடை குறைவு.

முதலில் சந்தித்த வைரஸின் நினைவு, பிற்காலத்தில் உடல் தரும் எதிர்வினைகளை வழிநடத்துகிறது என்ற கருத்தை தாமஸ் பிரான்சிஸ் 1960-இலேயே முன்வைத்தார். அதன்படி பார்த்தால், ஒருவர் பிறந்த ஆண்டுகூட அவருடைய ஃப்ளூ எதிர்ப்பாற்றலில் தடம் பதித்திருக்கும்.

ஆனால் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. ‘அந்தக் குடும்பத்துக்கே உடம்பு கெட்டி’ என்று நாம் சொல்வதில்லையா? தடுப்பூசிக்கு ஒருவர் உடல் நன்றாக எதிர்வினை காட்டுவதும் காட்டாததும் மரபணுவால் முடிவாகிறதா? மரபணுவும் சூழலும் ஒரே வீட்டில் பின்னிக் கிடக்கின்றன. பெற்றோர் பிள்ளைகளுக்குத் தருவது மரபணுவை மட்டுமல்ல. சமையலறை, காற்று, கூட்ட நெரிசல், கிருமிகள் எல்லாவற்றையும்தான். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இரட்டையர் தேவைப்படுகிறார்கள்.

இரட்டையர் ஏன்?

ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறப்பவர்கள் ஒருகரு இரட்டையர். இவர்களின் மரபணுத் தொகுப்பு ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. இரண்டு கருமுட்டைகளிலிருந்து ஒரே பேற்றில் பிறப்பவர்கள் இருகரு இரட்டையர். இவர்கள் மரபணு அளவில் சாதாரண உடன்பிறப்புகளே. பெற்றோர் வழி மாறுபடும் மரபணுக்களில் சராசரியாகப் பாதி ஒத்திருக்கும். ஆனால் இரு வகை இரட்டையருக்கும் பொதுவானவை பல: ஒரே கருப்பை, ஒரே பிறந்த ஆண்டு, ஒரே வீடு, பெரும்பாலும் ஒரே பள்ளி.

ஆகவே, ஒரு பண்பில் ஒருகரு இரட்டையர் இருகரு இரட்டையரைவிட மிக நெருக்கமாக ஒத்திருந்தால், அதில் மரபணுவுக்குப் பெரும்பங்கு உண்டு எனலாம். இரு வகையினரும் ஒரே அளவு ஒத்திருந்தால், அல்லது ஒரே அளவு வேறுபட்டிருந்தால், மரபணுவின் பங்கு சிறிது. ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் சீமென்ஸ் 1924-இல் இந்த ஒப்பீட்டு முறையை முறைப்படுத்தி வெளியிட்டார்.

இதை ஓர் எளிய சூத்திரமாகவும் எழுதலாம்:

மரபின் பங்கு = 2 × (ஒருகரு இரட்டையரின் ஒப்புமை − இருகரு இரட்டையரின் ஒப்புமை)

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பண்பில் ஒருகரு இரட்டையரின் ஒப்புமைக் கெழு 0.8, இருகரு இரட்டையருடையது 0.5 என்றால், மரபின் பங்கு 2 × 0.3 = 0.6. இரண்டுமே 0.6 என்றால் விடை பூஜ்யம். இரண்டாவது நிலையைக் கவனியுங்கள். இரட்டையர் ஒத்திருக்கிறார்கள், ஆனால் அந்த ஒற்றுமை மரபணுவால் வந்ததல்ல, ஒன்றாக வாழ்ந்ததால் வந்தது.

தடுப்பூசிகளை ஒப்பிடவும் இரட்டையர் உதவுவார்கள். ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு ஊசியும் மற்றவருக்கு ஸ்ப்ரேயும் கொடுத்தால், மரபணுவும் வயதும் இருவருக்கும் ஒன்றே என்பதால், எதிர்வினையில் தெரியும் வேறுபாட்டுக்கு அவற்றைக் காரணம் சொல்ல முடியாது. இருவருக்கும் ஒரே தடுப்பூசியைக் கொடுத்தால், அப்போதும் எஞ்சும் வேறுபாடு ஒவ்வொருவரின் தனி அனுபவத்திலிருந்து வந்திருக்க வேண்டும். கேள்விக்கு ஏற்ப ஆய்வின் அமைப்பு மாறுகிறது.

எதைக் கொண்டு அளப்பது?

தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்வினையை அளக்க, இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளை, அதாவது ஆன்டிபாடியை, சோதிக்கிறார்கள். ஃப்ளூ வைரஸ் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் என்பதை ஜார்ஜ் ஹர்ஸ்ட் 1941-இல் கண்டறிந்தார். இரத்தத் தெளிநீரில் எதிர்ப்பொருள் இருந்தால் இந்த ஒட்டுதல் நின்றுவிடும். எனவே தெளிநீரை 1-க்கு 10, 20, 40, 80, 160 என்று ஒவ்வொரு முறையும் இருமடங்காக நீர்க்கச் செய்து, எந்த அளவு வரை அது ஒட்டுதலைத் தடுக்கிறது என்று பார்க்கிறார்கள். பெரியவர்களில் 40 என்ற அளவு ஏறத்தாழ பாதிப் பாதுகாப்போடு தொடர்புடையதாகக் கொள்ளப்படுகிறது. தடுப்பூசிக்குப் பின் நான்கு மடங்கு உயர்வு, அதாவது இரண்டு படி ஏற்றம், நல்ல எதிர்வினையின் அடையாளம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஊசியின் வேலை பெரும்பாலும் இரத்தத்தில் தெரியும். ஸ்ப்ரே மூக்கின் உட்சவ்விலேயே எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. இரத்தத்தில் பெரிய உயர்வு தெரியாமலேயே குழந்தைக்குப் பாதுகாப்பு கிடைத்திருக்கலாம். இரத்தப் பரிசோதனையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், போட்டி தொடங்கும் முன்பே ஊசிக்குச் சாதகமாகிவிடும். மேலே கண்ட இரு பெரிய ஆய்வுகளும் ஃப்ளூ வந்தவர்களின் எண்ணிக்கையையே அளவுகோலாகக் கொண்டதால்தான் அவற்றின் முடிவுக்கு மதிப்பு. எழுத்துத் தேர்வை மட்டும் வைத்து ஒரு மாணவரின் பேச்சுத் திறனை அளக்க முடியாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே!

ஸ்டான்ஃபோர்டு இரட்டையர் ஆய்வு

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் டேவிஸ், பெட்டர் புரோடின் முதலியோர் நடத்திய இரட்டையர் ஆய்வு 2015 ஜனவரியில் ‘செல்’ இதழில் வெளியானது. 8 முதல் 82 வயது வரையிலான 210 ஆரோக்கியமானவர்கள், அதாவது 105 இணைகள், பங்கேற்றனர். இவற்றில் 78 இணைகள் ஒருகரு இரட்டையர். 27 இணைகள் இருகரு இரட்டையர். இரத்த அணுக்களின் வகைகள், அவற்றின் செயல்பாடு, இரத்தப் புரதங்கள் என எதிர்ப்பாற்றல் தொடர்பான 204 அளவுகளை எடுத்தார்கள்.

அவற்றில் 77 விழுக்காட்டு அளவுகளில், மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டின் பெரும்பகுதி மரபு சாராத காரணங்களால் வந்தது. 58 விழுக்காட்டு அளவுகளில் மரபு சாராத காரணங்களே ஏறக்குறைய முழுப் பொறுப்பு. ஃப்ளூ தடுப்பூசிக்குப் பின் எதிர்ப்பொருள் எவ்வளவு உருவானது என்பதில் மரபின் பங்கு கண்டறியக்கூடிய அளவில் இல்லை. முன்பு சந்தித்த வைரஸ்களும் முன்பு போட்ட தடுப்பூசிகளுமே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

வயது கூடக் கூட, ஒருகரு இரட்டையருக்கு இடையிலான வேறுபாடும் கூடியது. இளம் இரட்டையர் நெருக்கமாக ஒத்திருந்தார்கள். முதிய இரட்டையர் விலகிப் போயிருந்தார்கள். சைட்டோமெகலோ வைரஸ் என்ற பரவலான வைரஸ் பலருக்குத் தெரியாமலேயே உடலில் குடியேறி வாழ்நாள் முழுவதும் தங்கும். இரட்டையரில் ஒருவரை மட்டும் இந்த வைரஸ் தொற்றியிருந்த ஒருகரு இணைகளைப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்ட அளவுகளில் இதன் பாதிப்பு தெரிந்தது. ஒரே ஒரு கிருமி, ஒரே மரபணு கொண்ட இருவரை இவ்வளவு தூரம் பிரித்து வைத்திருக்கிறது.

ஊசி, ஸ்ப்ரே புதிரோடு இது பொருந்துகிறது. தடுப்பு மருந்து வெற்றுப் பலகையில் எழுதப்படுவதில்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கத்தில்தான் எழுதப்படுகிறது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே புதிய எழுத்து பதிகிறது.

முடிவைக் கவனமாகப் படிப்போம்

‘அப்படியானால் எதிர்ப்பாற்றலில் மரபணுவுக்கு வேலையே இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கைக்குழந்தை இரட்டையரிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வு வேறொரு படத்தைக் காட்டியது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கான எதிர்ப்பொருள் வேறுபாட்டில் மரபின் பங்கு 77 விழுக்காடு; போலியோ சொட்டு மருந்துக்கு 60; டெட்டனஸுக்கு 44. உலகைப் பெரிதாகச் சந்திக்காத குழந்தையின் உடலில் மரபின் குரல் உரக்கக் கேட்கிறது. வயதாக ஆக அனுபவத்தின் குரல் அதை மூடிவிடுகிறது என்று இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கலாம். எனினும் தடுப்பூசிகள் வேறு, நாடுகள் வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் இருகரு இணைகள் 27 மட்டுமே. சிறிய எண்ணிக்கையில் சிறிய மரபுப் பங்கு கண்ணில் படாமல் போயிருக்கலாம். ‘கண்டறிய முடியவில்லை’ என்பதும் ‘இல்லவே இல்லை’ என்பதும் ஒன்றல்ல. மேலும், மரபின் பங்கு என்பது ஒரு குழுவில் உள்ள வேறுபாட்டைப் பற்றிய எண். ஒரு தனி மனிதரின் பண்பில் இத்தனை விழுக்காடு மரபணு, இத்தனை விழுக்காடு சூழல் என்று அதைப் பிரித்துச் சொல்ல முடியாது.

தடுப்பூசி பற்றிய முடிவுகளும் நிரந்தரமானவை அல்ல. எச்1என்1 வைரஸுக்கு எதிராக ஸ்ப்ரே சரியாக வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும், அமெரிக்க வல்லுநர் குழு 2016-17, 2017-18 பருவங்களில் அதைப் பரிந்துரைக்கவில்லை. அதிலிருந்த எச்1என்1 வகை மாற்றப்பட்ட பின் 2018-19 பருவத்துக்கு மீண்டும் பரிந்துரைத்தது. சான்று மாறும்போது முடிவை மாற்றிக்கொள்வதைத் தடுமாற்றம் என்று நினைக்கும் மாணவர்களுக்கு, அறிவியல் இயங்கும் முறையே இதுதான் என்று சொல்ல இது நல்ல சான்று.

வகுப்பறையில் செய்து பார்க்க

*தொடக்க வகுப்புகள்:* ஒரே அவரைக் காயிலிருந்து எடுத்த விதைகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை நிழலிலும் வளர்க்கச் சொல்லுங்கள். எந்த விதை எங்கே என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யட்டும். ‘நல்ல விதையை நானே பார்த்து வெயிலில் வைக்கிறேன்’ என்று ஒரு குழந்தை சொன்னால், அது ஏன் நியாயமில்லை என்று மற்றவர்களிடம் கேளுங்கள். குலுக்கல் முறையின் தேவை அங்கேயே புரிந்துவிடும்.

*நடுநிலை வகுப்புகள்:* ஒரு குவளையில் நீல மை கலந்த நீரை எடுத்து, பாதி நீர், பாதி மைக்கரைசல் என்று ஆறு முறை நீர்க்கச் செய்யுங்கள். எந்தக் குவளை வரை நிறம் தெரிகிறது என்று மாணவர்கள் குறிக்கட்டும். 2-இன் அடுக்குகளும் எதிர்ப்பொருள் சோதனையும் ஒரே மேசையில் விளங்கும். ஒரே குவளையைப் பார்த்து இருவர் வெவ்வேறு விடை சொன்னால், அளவீட்டுப் பிழையைப் பற்றியும் பேசலாம்.

*உயர்நிலை, மேல்நிலை வகுப்புகள்:* 8.6, 3.9 என்ற இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு குழு ‘ஃப்ளூ 55 விழுக்காடு குறைந்தது’ என்று செய்தித் தலைப்பு எழுதட்டும். இன்னொரு குழு ‘100 குழந்தைகளில் ஏறத்தாழ ஐவருக்கு மட்டுமே வேறுபாடு’ என்று எழுதட்டும். இரண்டும் உண்மை. எந்தத் தலைப்பு யாரை என்ன நினைக்க வைக்கும் என்று விவாதிக்கலாம்.

உங்கள் பள்ளியில் இரட்டையர் படித்தால் ஒரு வேண்டுகோள். அவர்களை வகுப்பின் முன் நிறுத்தி எடுத்துக்காட்டாக்க வேண்டாம். யார் உயரம், யார் கெட்டி என்ற ஒப்பீட்டை அவர்கள் நாள்தோறும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். விதைகளும் மைக்குவளைகளும் போதும்.

இரட்டையருக்கு மட்டுமல்ல, எல்லா மாணவருக்கும் இது பொருந்தும். ‘அண்ணன் நன்றாகப் படித்தான், தம்பிக்கு ஏன் வரவில்லை?’, ‘அந்தக் குடும்பத்துக்கே கணக்கு வராது’ என்ற பேச்சுகள் ஆசிரியர் அறைகளிலும் எழுவதுண்டு. எதிர்ப்பாற்றல் பற்றிய ஓர் ஆய்வை அப்படியே படிப்புத் திறனுக்குப் பொருத்துவது தவறு. இரத்த அணுவும் கணக்குப் பாடமும் ஒன்றல்ல. ஆனால் கேள்வி கேட்கும் முறையை இரவல் வாங்கலாம். இந்த இருவரிடம் ஒன்றாக இருப்பது எது? வேறாக இருப்பது எது? நாம் அளப்பது எதை? எத்தனை பேரைப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்தோம்? இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பேசப் பழகினால், ஒரு பிள்ளையைப் பற்றிய அவசரத் தீர்ப்பு ஒன்றாவது நம் வாயிலிருந்து வராமல் நிற்கும்.